பிரைமர் பாதியில் நிற்கும் உறைகள்: அழுத்துவதற்கு முன் பார்க்க வேண்டியவை

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். பல கம்பெனிகளின், சுட்டு முடித்த 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டா உறைகளைக் கலந்து வைத்துக்கொண்டு மறுபடி நிரப்புகிறீர்கள். பெரும்பாலான உறைகளில் பிரைமர் (உறையின் அடியிலுள்ள குழியில் அழுத்திப் பொருத்தும், அடித்தால் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன உலோகக் கிண்ணம்) சுலபமாக இறங்குகிறது. சிலவற்றில் மட்டும் வாயிலேயே மாட்டிக்கொள்கிறது, அல்லது பாதி இறங்கி நிற்கிறது. இன்னும் பலமாக அழுத்தினால் வெடிக்குமா, வேறு கம்பெனி பிரைமர் வாங்கினால் சரியாகுமா, ஏற்கெனவே துருத்திக்கொண்டு நிற்பவற்றை என்ன செய்வது என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: எதன் மீது முட்டி நிற்கிறது? அது தெரியாமல் எவ்வளவு அழுத்தலாம் என்பதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. பல வருடமாக இந்த வேலையைச் செய்கிறவன், பிழைப்புக்கு எந்திரப் பட்டறையில் அளவு பார்க்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உரிமமும் சட்டமும் உங்கள் பக்கம் சரியாக இருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். வெடிமருந்து அளவு பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை, அதற்கு அச்சிட்ட கையேட்டை மட்டும் நம்புங்கள்.

பிரைமர் குழி இறுக்கமாக இருப்பது குறை கிடையாது. அப்படித்தான் இருக்க வேண்டும். சிறிய பிரைமரின் விட்டம் ஏறக்குறைய 0.175 அங்குலம், அதாவது 4.45 மி.மீ. குழியின் விட்டம் அதைவிட ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று இரண்டு பங்கு குறைவாகவே செய்யப்படுகிறது. அந்த வித்தியாசம்தான் பிரைமரைப் பிடித்து வைக்கிறது, சுடும்போது வாயு பின்பக்கமாகக் கசியாமல் அடைக்கிறது. பேரிங்கை அதன் வீட்டுக்குள் அழுத்திப் பொருத்துகிறவர்களுக்கு இது பழகிய விஷயம்: இறுக்கம் வேண்டும், ஆனால் நுழைகிற இடத்தில் ஒரு சின்னச் சரிவும் வேண்டும், இல்லாவிட்டால் நேராக நுழையாது. பிரைமர் குழியிலும் தொல்லை பெரும்பாலும் சுவரில் இருப்பதில்லை, வாய் விளிம்பில்தான் இருக்கிறது. நான் பார்த்த ‘இறுக்கமான உறை’ப் புகார்களில் அதிகமானவை கடைசியில் விளிம்புப் பிரச்சினையாகத்தான் முடிந்தன.

அந்த விளிம்புப் பிரச்சினைகளில் முதலிடம் கிரிம்ப்புக்கு. ராணுவத்துக்காகச் செய்யும் தோட்டாக்களில், சுடும்போது பிரைமர் பின்னால் நகர்ந்து வெளியே விழுந்து ஆயுதத்தின் இயக்கத்தில் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக, பிரைமரைப் பொருத்திய பிறகு சுற்றியுள்ள பித்தளையை அதன் மேல் கொஞ்சம் தள்ளிவிடுவார்கள். சிலவற்றில் அது முழு வளையமாக இருக்கும், சிலவற்றில் மூன்று நான்கு இடங்களில் குத்திய தடமாக இருக்கும். பழைய பிரைமரைக் கழற்றினாலும் தள்ளிய பித்தளை அங்கேயே நிற்கிறது. புதிய பிரைமர் அதன் மேல் போய் உட்காரும். 9 மி.மீ. உறையின் அடியில் வட்டத்துக்குள் சிலுவை போன்ற நேட்டோ குறி இருந்தால் கிரிம்ப் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குறி இல்லாத உறையிலும் கிரிம்ப் இருக்கலாம், அதனால் குறியை மட்டும் நம்பிப் பிரிக்க வேண்டாம். பழைய பிரைமரைக் கழற்றும் முன்பே நல்ல வெளிச்சத்தில் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பிரைமரைச் சுற்றி இன்னொரு வட்டக்கோடு பதிந்தது போல் தெரிந்தால் அதுதான் கிரிம்ப். கழற்றிய பிறகு கண்டுபிடிப்பது இதைவிடச் சிரமம்.

கிரிம்ப் இல்லாமலேயே விளிம்பு கூராக இருக்கும் உறைகளும் உண்டு. செல்லியர் அண்ட் பெலட் 9 மி.மீ. உறைகள் இதற்குப் பெயர் போனவை. குழியின் வாயில் வளைவோ சரிவோ இல்லாமல் செங்குத்தாக வெட்டியதுபோல் இருக்கும், இறங்கும்போது கையில் நன்றாகத் தெரியும். இதை ஓர் எச்சரிக்கையோடு சொல்கிறேன்: இது பலர் கை அனுபவத்திலிருந்து வந்த பெயர். ஒரே கம்பெனியின் உறை வருடத்துக்கு வருடம் மாறலாம். ‘அந்தக் கம்பெனியா, தூக்கிப் போடு’ என்று முடிவு கட்டாமல் கையில் இருக்கும் உறையைப் பார்த்து முடிவெடுங்கள்.

மூன்றாவது காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கிரிம்ப் செய்த பிரைமரைக் கழற்றும்போது, சில நேரம் கழற்றும் கருவியின் ஊசி பிரைமர் கிண்ணத்தின் அடியை மட்டும் கிழித்துக்கொண்டு போய்விடும். கிண்ணத்தின் பக்கச் சுவர் ஒரு மெல்லிய வளையமாகக் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் வெறும் குழி போலத்தான் தெரியும். புதிய பிரைமர் எந்தப் பலத்துக்கும் இறங்காது, இறங்கவும் கூடாது. வழக்கத்தைவிடக் குழி சின்னதாகத் தெரிகிறதே என்று தோன்றினால் பக்கத்து உறையோடு வைத்து ஒப்பிடுங்கள். வளையம் உள்ளே இருந்தால் அந்த உறையைக் குப்பையில் போடுவதே புத்திசாலித்தனம்.

9 மி.மீ. தவிர .45 ஏசிபி என்ற பெரிய கைத்துப்பாக்கித் தோட்டாவையும் நிரப்புகிறீர்கள் என்றால் நான்காவதாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த அளவுக்குப் பரம்பரையாகப் பெரிய பிரைமர்தான், விட்டம் 0.210 அங்குலம். ஆனால் ஈயமில்லாத பிரைமர் வந்த காலத்திலிருந்து சில கம்பெனிகள் சிறிய பிரைமர் குழியோடும் .45 உறைகளைச் செய்கின்றன. வெளியே வித்தியாசமே தெரியாது. கலந்த குவியலில் ஒன்று நுழைந்து, பெரிய பிரைமரைச் சின்னக் குழிக்குள் நெம்பினால் அது அப்பளமாக நசுங்கும். இங்கே ‘இறுக்கம்’ என்ற பேச்சே இல்லை, பிரிப்பதுதான் வழி. இதே இனத்தில் இன்னொன்று: பெரிய ரைஃபிள் பிரைமரும் பெரிய பிஸ்டல் பிரைமரும் விட்டத்தில் ஒன்று, உயரத்தில் வேறு. ரைஃபிள் பிரைமர் உயரம் கூடுதல் என்பதால் பிஸ்டல் குழியில் எப்படி அழுத்தினாலும் துருத்திக்கொண்டுதான் நிற்கும். சிறிய பிரைமர்களில் உயரம் ஒத்துப்போகும். ஆனால் ரைஃபிள் பிரைமரின் கிண்ணம் தடிமனானது, அதனால் பிஸ்டலின் சுத்தியல் அடி போதாமல் போகலாம். இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள்.

உறையை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது, கருவியும் இதே தொல்லையைத் தரும். இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. மாட்டிக்கொண்ட உறைகளை அடியில் இருக்கும் எழுத்தின்படி பிரித்து வையுங்கள். எல்லாம் ஒன்றிரண்டு கம்பெனிக்குள் அடங்கினால் காரணம் உறை. எல்லாக் கம்பெனியிலும் சிதறிக் கிடந்தால் கருவியைச் சந்தேகப்படுங்கள். பிரைமரைத் தள்ளும் தண்டு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். உறைகளைப் பிடித்து வைக்கும் ஷெல் பிளேட் தளர்ந்து ஆடலாம். தண்டுக்கு அடியில் ஒரு துணுக்குப் பித்தளையோ சில மருந்துத் துகளோ சிக்கி, முழுதாக மேலே வரவிடாமல் தடுக்கலாம். ஒரே ஒரு ஷெல் ஹோல்டரில் (ஒற்றை உறையைப் பிடிக்கும் துண்டு) மட்டும் தொல்லை வந்தால் அதை மாற்றிப் பாருங்கள்.

வீணான பிரைமரைப் பார்த்தும் கொஞ்சம் கண்டுபிடிக்கலாம். ஒரு பக்கம் உலோகம் சீவப்பட்டு மெல்லிய சுருள் கிளம்பியிருந்தால் விளிம்பில் மாட்டியிருக்கிறது, அல்லது சாய்ந்து நுழைந்திருக்கிறது. சீராக உள்ளே போய்க் கடைசியில் மட்டும் உயர்ந்து நின்றால் குழியின் தரையில் கரி படிந்திருக்கலாம், அல்லது நீங்கள் போதுமான அளவு அழுத்தவில்லை. ஆமாம், அதுவும் உண்டு. பயந்து பயந்து அழுத்துகிறவர்களின் பிரைமர்தான் பெரும்பாலும் உயர்ந்து நிற்கிறது.

இதனால்தான் ‘அழுத்தவே கூடாது’ என்றும் நான் சொல்ல மாட்டேன். பிரைமருக்குள் ஆன்வில் என்று கால்கள் கொண்ட ஒரு சின்ன உலோகத் துண்டு இருக்கிறது. அந்தக் கால்கள் குழியின் தரையைத் தொட வேண்டும், தொட்ட பிறகு மிக லேசாக உள்ளே தள்ளப்படவும் வேண்டும். அப்போதுதான் துப்பாக்கியின் அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின் அடிக்கும்போது கிண்ணத்துக்கும் ஆன்விலுக்கும் நடுவில் வெடிகலவை சரியாக நசுங்கும். நன்றாக உட்கார்ந்த பிரைமர் உறையின் அடிமட்டத்துக்குச் சமமாக இருக்காது. 0.003 முதல் 0.005 அங்குலம் வரை, மில்லிமீட்டரில் சொன்னால் சுமார் 0.08 முதல் 0.13 வரை, உள்ளே இருக்கும். விரல் நுனியால் தடவினால் லேசான பள்ளம் தெரியும். மேடு தெரிந்தால் தவறு.

உயர்ந்து நிற்கும் பிரைமரின் விளைவைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அதிகம் நடப்பது வெடிப்பு இல்லை, சுடாமல் போவது. ஃபயரிங் பின்னின் அடி பிரைமரைக் கீழே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், கலவை பற்றாது. அதே தோட்டாவை மறுபடி அடித்தால் சுடும். முதல் அடியில் சுடாமல் இரண்டாவதில் சுடுகிறது என்றால் பிரைமர் சரியாக உட்காரவில்லையா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். ரிவால்வரில் வேறு மாதிரி: துருத்திய பிரைமர் பின்சட்டத்தில் உரசி சிலிண்டரைச் சுழலவிடாது. தானியங்கிக் கைத்துப்பாக்கியில் ஸ்லைடு வேகமாக மூடும்போது அதன் முகம் துருத்திய பிரைமரில் மோதி, தோட்டா உட்காரும் அறை முழுதாக மூடும் முன்பே சுட்டுவிடும் வாய்ப்பும் இருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் நடந்தால் சேதம் பெரிது.

இப்போது உங்கள் முதல் கேள்வி: பலமாக அழுத்தினால் வெடிக்குமா? உறுதியாகத் தெரிந்தது இது: பிரைமர் திடீர் அடிக்கு வெடிக்கும்படி செய்யப்பட்டது. மெதுவான, சீரான அழுத்தத்தைப் பெரும்பாலும் தாங்கும். நசுங்கி, மடங்கி, பக்கவாட்டில் உருக்குலைந்தும் வெடிக்காமல் வெளியே வந்த பிரைமரை இந்த வேலையில் இருக்கும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு ‘மெதுவாக அழுத்தினால் வெடிக்காது’ என்று சிலர் விதியாகவே சொல்லிவிடுகிறார்கள். அது விதியில்லை. மாட்டிக்கொண்ட பிரைமரை நெம்பும்போது தடை சட்டென்று விலகும், உங்கள் கை வேகத்தோடு உள்ளே பாயும். மெதுவான அழுத்தம் அந்தக் கணத்தில் அடியாக மாறிவிடுகிறது. எவ்வளவு பலத்தில் இது நடக்கும் என்று எண்ணாகச் சொல்ல முடியாது. பிரைமருக்குப் பிரைமர், உறைக்கு உறை மாறும்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். அதே கருவியில் சாதாரண உறைக்கு எவ்வளவு அழுத்தம் தேவை என்று கைக்குத் தெரியும். அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் கொடுப்பேன். தெளிவாக மீறினால் நிறுத்திவிட்டு உறையை வெளியே எடுத்துப் பார்ப்பேன். இந்த உணர்வு தோட்டா நிரப்பும் பிரஸ்ஸின் நீண்ட நெம்புகோலில் மங்கிவிடும். கையில் பிடித்துப் பிரைமர் போடும் கருவியில் நன்றாகத் தெரியும். சந்தேகமான உறைகளைக் கைக்கருவிக்கு மாற்றுங்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியம். ஒரே இழுப்பில் பல கட்ட வேலைகளைச் செய்யும் புரோகிரசிவ் பிரஸ்ஸில் நீங்கள் நெம்பும் அந்த ஒரு பிரைமருக்குப் பக்கத்தில், குழாய்க்குள் நூறு பிரைமர் வரை அடுக்கி நிற்கலாம், பக்கத்திலேயே மருந்துக் கலமும் இருக்கும். ஒன்று வெடித்தால் குழாய் முழுவதும் தொடராக வெடிக்க முடியும். அந்தக் குழாயைச் சுற்றிக் கனமான இரும்புக் கவசம் வைத்திருப்பது அதற்காகத்தான். முரண்டு பிடிக்கும் உறையோடு மல்லுக்கட்ட அது இடமே இல்லை. இறுக்கம் தெரிந்ததும் கையை எடுத்து, உறையைக் கழற்றிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். எந்தக் கருவியானாலும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். உறையின் திறந்த வாய் உங்கள் முகத்தையோ பக்கத்தில் நிற்பவரையோ பார்க்கக் கூடாது. பிரைமர்களைக் கம்பெனிப் பெட்டியிலேயே வையுங்கள், பாட்டிலில் மொத்தமாகக் கொட்டி வைக்கவே கூடாது. பெட்டியில் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அப்புறம், கலவையில் ஈயச் சேர்மம் உண்டு, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

காரணம் விளிம்பு என்று தெரிந்துவிட்டால் வைத்தியம் இரண்டு வகை. ஒன்று ரீமர் அல்லது சாம்பர் கருவியால் விளிம்பைச் சீவுவது, மற்றொன்று ஸ்வேஜ் கருவியால் பித்தளையை மறுபடி ஓரமாகத் தள்ளுவது. சீவுவது மலிவு, ஆனால் கை கொஞ்சம் மீறினால் போன பித்தளை திரும்பாது. வாயில் பளபளவென்று ஒரு மெல்லிய வளையம் தெரிந்தால் போதும், அங்கேயே நிறுத்துங்கள். அதிகம் சீவினால் பிரைமரின் ஓரத்துக்குத் தாங்கல் இல்லாமல் போகும், சுடும்போது கிண்ணம் அந்தப் பள்ளத்துக்குள் பிதுங்கும், வாயு கசியலாம். கசிந்த வாயு துப்பாக்கியில் உறையின் அடியைத் தாங்கும் பிரீச் முகத்தை அரிக்கும். ஸ்வேஜில் பித்தளை போவதில்லை, அதனால் எனக்கு அதுதான் பிடித்தம். ஆனால் உறைக்குள் நுழையும் தாங்குதண்டை அந்தந்த உறையின் அடித்தடிமனுக்கு ஏற்றபடி சரிசெய்ய வேண்டும். அந்தத் தடிமன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு கம்பெனிக்கு வைத்த அமைப்பில் இன்னொன்றைப் போட்டால் ஒன்று வேலை பாதியில் நிற்கும், அல்லது குழி அகன்றுவிடும். பிரித்துவிட்டுச் செய்யுங்கள். கிரிம்ப் இல்லாத கூர் விளிம்புக்கு ஸ்வேஜ் தேவையே இல்லை, சாம்பர் கருவியில் லேசான ஒரு சுற்று இரண்டு சுற்று போதும்.

எதைச் செய்தாலும் குழி அகன்றுவிடவில்லையா என்று பாருங்கள். குழியை அளக்கும் கோ, நோ-கோ கேஜ் கிடைக்கிறது. ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. அது இல்லையென்றால் கைதான் கேஜ்: பிரைமர் எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் அந்த உறைக்கு ஆயுள் முடிந்தது. இறுக்கமான குழியைவிடத் தளர்ந்த குழிதான் எனக்குக் கவலை தரும்.

செய்யக் கூடாதவற்றில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த யோசனையை அடிக்கடி கேட்கிறேன். குழியில் ஒரு துளி எண்ணெய் தடவி இறக்காதீர்கள். எண்ணெய் கலவையைக் கெடுத்துப் பிரைமரைச் சுடாமல் செய்துவிடலாம். இதன் மறுபக்கமாக, வேண்டாத பிரைமரை எண்ணெயில் ஊறவைத்தால் செத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதையும் நம்பாதீர்கள். ஊறிய பிரைமர் சில நேரம் சுடவே செய்யும். ஆக, எண்ணெய் பட்ட பிரைமர் சுடும் என்றும் நம்ப முடியாது, சுடாது என்றும் நம்ப முடியாது.

வேறு கம்பெனி பிரைமர் வாங்கினால் தீருமா என்ற இரண்டாவது கேள்விக்கு, கொஞ்சம் உதவலாம் என்பதுதான் நேர்மையான பதில். ஃபெடரல் கிண்ணம் மென்மை, சிசிஐ கடினம் என்பது இந்த வட்டாரத்தில் பொதுக் கருத்து. விட்டத்திலும் உருண்ட விளிம்பிலும் கம்பெனிகளுக்கு இடையே சிறு வேறுபாடு உண்டு. இறுக்கம் எல்லைக்கோட்டில் இருக்கும் உறையில் அந்த வேறுபாடு கைக்குத் தெரியும். ஆனால் கிரிம்ப்பின் மீது முட்டும் பிரைமருக்குக் கம்பெனி பெயர் தெரியாது. பிரைமரை மாற்றினால் கையேட்டில் அதே பிரைமருக்கு என்ன சொல்லியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கும். மென்மையான கிண்ணத்தை இறுக்கமான குழியில் நெம்புவது கூடுதல் ஆபத்து என்றும் சிலர் சொல்வார்கள், அதில் நியாயம் இருக்கிறது. நான் முதலில் உறையைத்தான் சரிசெய்வேன். 9 மி.மீ. உறை தாராளமாகக் கிடைக்கிற பொருள். தொல்லை தரும் கம்பெனி உறைகள் கொஞ்சமே இருந்தால் அதைக்கூடச் செய்ய மாட்டேன், ஒதுக்கிவிடுவேன்.

கடைசியாக, ஏற்கெனவே துருத்தி நிற்பவை. இவற்றை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். மருந்தும் குண்டும் இல்லாத வெறும் உறைகளில் பிரைமர் நேராக நுழைந்து, சீவல் இல்லாமல், கொஞ்சம் மட்டும் உயர்ந்து நின்றால் கைக்கருவியில் உறையை அரைச் சுற்றுத் திருப்பி வைத்து மெதுவாக மறுபடி அழுத்தலாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான். சாய்ந்தோ நசுங்கியோ இருந்தால் அதை இறக்கப் பார்க்காதீர்கள். பழைய பிரைமரைக் கழற்றும் வழக்கமான டீகேப்பிங் டையில், தட்டாமல், நெம்புகோலை மிக மெதுவாக இறக்கி வெளியே எடுங்கள். அந்தப் பிரைமரை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

நிரப்பி முடித்த தோட்டாவில் பிரைமர் துருத்தி நின்றால் விஷயமே வேறு. அதை எந்தக் கருவியாலும், எவ்வளவு மெதுவாகவும் அழுத்தவே கூடாது. வெடித்தால் அது வெறும் பிரைமராக இருக்காது, துப்பாக்கி அறையின் தாங்கல் இல்லாமல் கையருகே வெடிக்கும் முழுத் தோட்டா. துப்பாக்கியில் போட்டு ‘சுட்டுப் பார்ப்போம்’ என்பதும் வேண்டாம். குண்டைப் பிரித்தெடுக்க வேண்டும். அதற்கும் சுத்தியல் போல் தட்டிப் பிரிக்கும் கருவி இந்தத் தோட்டாவுக்கு ஏற்றதல்ல, துருத்திய பிரைமருக்கு அதிர்ச்சி கொடுக்கக் கூடாது. பிரஸ்ஸில் பொருத்தி, குண்டைச் சுற்றிப் பிடித்து இழுக்கும் காலெட் வகையைப் பயன்படுத்துங்கள். சிறிய பிஸ்டல் குண்டில் காலெட்டுக்குப் பிடிமானம் குறைவு, வழுக்கினால் பொறுமையாக மறுபடி பிடியுங்கள். குண்டு வந்து, மருந்து முழுதும் கொட்டிய பிறகு அது வெறும் உறை. அப்போது முதல் குவியலில் சேர்த்துக்கொள்ளலாம். மாட்டிக்கொண்ட உறைகளின் அடிப்பக்கத்தைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போட்டால் கிரிம்ப்பா, கூர் விளிம்பா என்று பார்த்துச் சொல்கிறேன். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து அதைச் சொல்ல வழியில்லை.